தண்ணி லாரி நோட்டு எழுதுவது போல: பைத்தானில் அப்பெண்ட் மோடு

சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம் பக்கத்து அடுக்ககங்களில் வாட்ச்மேன் மேஜைமேல் ஒரு லாங் சைஸ் நோட்டு கிடக்கும். தண்ணி லாரி உள்ளே வந்ததும் தேதி, நேரம், லிட்டர், எந்த பிளாக் சம்ப் (தரைக்கடித் தொட்டி) என்று ஒரு வரி எழுதுவார்கள். அடுத்த லாரிக்கு அதற்குக் கீழே அடுத்த வரி. பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டு யாரும் எழுதுவதில்லை. மாதக் கடைசியில் பில் வரும்போது 12,000 லிட்டர் லாரி எத்தனை, 9,000 லிட்டர் எத்தனை என்று சரிபார்க்க அந்த நோட்டைத்தான் புரட்ட வேண்டும்.

அந்த நோட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். கோப்பில் இருப்பதைத் தொடாமல் கடைசி எழுத்துக்குப் பிறகு சேர்த்து எழுத வேண்டும். கோப்பே இல்லையென்றால் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் செய்வது பைத்தான் நிரல்மொழியின் அப்பெண்ட் மோடு. அதைக் கேட்க ஓர் எழுத்து போதும். ஆனால் வரி எங்கே முடிகிறது, எந்த என்கோடிங்கில் (எழுத்துகளைப் பைட்டுகளாக வைக்கும் முறை) போகிறது, கோப்பு எப்போது மூடப்படுகிறது, எந்த ஃபோல்டரில் விழுகிறது என்ற நான்கையும் கவனிக்காவிட்டால், சேர்த்த வரி இருந்தும் பயனில்லை.

தட்டுவதற்கு முன் ஒரு விஷயம். கீழே கட்டளைகளை ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டுவதுபோல, ஒலிப்பின்படி தமிழில் கொடுத்திருக்கிறோம். ஓப்பன், வித், ஆஸ், ரைட், என்கோடிங் போன்ற சொற்களையும், மோடு எழுத்தையும், கோப்பு வகையைக் காட்டும் கடைசி மூன்று எழுத்துகளையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். நோட்டு, வரி போன்ற மாறிப் பெயர்களையும் கோப்பின் பெயரையும் தமிழிலேயே தட்டலாம். பைத்தான் 3 அவற்றை ஏற்றுக்கொள்ளும். அடைப்புக்குறி, மேற்கோள் குறி, கால்புள்ளி எல்லாம் உள்ளபடியே.

எந்த எழுத்து என்ன செய்யும்

ஓப்பன் என்ற செயல்கூறுக்கு முதலில் கோப்பின் பெயர், அடுத்து மோடு எழுத்து. எதுவும் கொடுக்காவிட்டால் 'ஆர்' என்று எடுத்துக்கொள்ளும், அதாவது படிக்க மட்டும். 'ஏ' கொடுத்தால் கடைசியில் சேர்க்கும். 'எக்ஸ்' கொடுத்தால் புதுக் கோப்பை உருவாக்கும். அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் பிழை சொல்லி நின்றுவிடும்.

பயப்பட வேண்டியது 'டபிள்யூ'வுக்கு. எழுதும் நேரத்தில்தான் அது பழையதை அழிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஓப்பன் வரி ஓடிய கணமே கோப்பு 0 பைட்டுக்கு வந்துவிடும். ஒரு பழைய கோப்பின் நகலை எடுத்து 'டபிள்யூ'வில் திறந்து, எதுவும் எழுதாமல் மூடிப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. ரீசைக்கிள் பின்னிலும் தேட வேண்டாம், அங்கே போயிருக்காது. கீபோர்டில் ஏ எழுத்துக்குச் சற்று மேலேயே டபிள்யூ இருக்கிறது. விரல் அரை அங்குலம் நகர்ந்தால் ஆறு மாதக் கணக்கு காலி. அதனால் சேர்த்து எழுதும் நிரலைப் பழகும்போது, உண்மையான கோப்பில் கை வைக்காமல் நகலில் பழகுங்கள்.

முதல் வரியைச் சேர்ப்போம்

பைத்தான் நிறுவியிருந்தால் அதோடு ஐடில் என்ற சிறிய எழுதுகருவியும் வந்திருக்கும். அதைத் திறந்து, ஃபைல் மெனுவில் நியூ ஃபைல் எடுங்கள். டெஸ்க்டாப்பில் 'கணக்கு' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, காலியாக இருக்கும்போதே நிரலை அதற்குள் சேமித்துவிடுங்கள். எங்கே சேமிக்கிறோம் என்பது பிறகு தேவைப்படும். இப்போது இந்த மூன்று வரிகள்:

வரி = '2025-06-03 07:40,12000,பி பிளாக்'
வித் ஓப்பன்('தண்ணி.டிஎக்ஸ்டி', 'ஏ', என்கோடிங்='யுடிஎஃப்-8') ஆஸ் நோட்டு:
    நோட்டு.ரைட்(வரி + '\என்')

மூன்றாவது வரிக்கு முன்னால் நான்கு இடைவெளி விட வேண்டும். இரண்டாவது வரியின் கடைசியில் முக்காற்புள்ளி இருக்க வேண்டும். '\என்' என்று காட்டியிருப்பது பின்சாய்கோடும் அதை ஒட்டி ஆங்கில என் எழுத்தும், அதுதான் என்டர்.

எஃப்5 தட்டினால் நிரல் ஓடும். திரையில் ஒன்றும் வராது, அது சரிதான். 'கணக்கு' ஃபோல்டரில் புதுக் கோப்பு வந்திருக்கும். நோட்பேடில் திறந்தால் ஒரு வரி. நோட்பேடை மூடிவிட்டு மறுபடி எஃப்5 தட்டுங்கள். இப்போது இரண்டு வரி, இரண்டும் ஒன்றே. 'சரியா ஓடுதா பார்ப்போம்' என்று நாலு தடவை ஓட்டினால் வராத லாரிக்கும் கணக்கு ஏறும். சேர்த்து எழுதும் நிரலைச் சோதித்த பிறகு, சோதனை வரிகளை நீக்கிவிட்டுத்தான் வேலைக்கு விட வேண்டும்.

தேதியைக் கையால் தட்டத் தேவையில்லை. டேட்டைம் தொகுப்பின் நௌ செயல்கூறு இப்போதைய நேரத்தைத் தரும். அதைச் சரமாக (எழுத்துத் தொடராக) மாற்றி முதல் 16 எழுத்துகளை மட்டும் எடுத்தால், மேலே உள்ளதுபோல் தேதியும் மணி நிமிடமும் கிடைக்கும். ஆண்டு, மாதம், நாள் என்ற இந்த வரிசையை மாற்றாதீர்கள். எழுத்து வரிசையில் அடுக்கினாலே கால வரிசையும் வந்துவிடும் வசதி இதில் உண்டு. 03-06-2025 என்று எழுதினால் அது கிடைக்காது.

என்டரை நாம்தான் தட்ட வேண்டும்

ரைட் செயல்கூறு கொடுத்ததை மட்டும் எழுதும். வரி முடிந்ததா என்று அதற்குத் தெரியாது. '\என்' சேர்க்க மறந்தால் இப்படி ஆகும்:

2025-06-03 07:40,12000,பி பிளாக்2025-06-03 18:15,9000,ஏ பிளாக்

இரண்டு லாரி ஒரே வரியில் ஒட்டிக்கொண்டது. எண்ணிப் பார்க்கும் நிரலுக்கு இது ஒரே லாரி. மறதி அதிகம் என்றால் ரைட்டுக்குப் பதிலாக பிரிண்ட்டைப் பயன்படுத்துங்கள். பிரிண்ட்(வரி, ஃபைல்=நோட்டு) என்று கொடுத்தால் திரைக்குப் பதில் கோப்புக்குப் போகும், என்டரையும் தானே போட்டுக்கொள்ளும். ஆரம்பத்தில் இதுவே நல்லது என்பது எங்கள் கருத்து. பிரிண்ட்டுக்கு எண்ணை அப்படியே கொடுக்கலாம் என்பதும் ஒரு வசதி. ரைட்டுக்கு 12000 என்ற எண்ணைக் கொடுத்தால் டைப்எரர் வரும், ஏனென்றால் அது சரத்தை மட்டுமே வாங்கும்.

நிரலில் எல்லாம் சரியாக இருந்தும் வரிகள் ஒட்டுவதுண்டு. யாரோ நோட்பேடில் கோப்பைத் திறந்து, கடைசி வரியில் ஒரு தவறைத் திருத்தி, என்டர் தட்டாமல் சேமித்திருப்பார்கள். அடுத்து நிரல் சேர்க்கும் வரி அதன் வாலில் போய் ஒட்டும். வரியின் முன்னாலும் ஓர் '\என்' போட்டுவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் மற்ற நாட்களில் இடையிடையே வெற்று வரி வரும். சேர்ப்பதற்கு முன் கடைசி பைட்டைப் பார்ப்பதுதான் சரி. கோப்பை 'ஆர்பி' மோடில், அதாவது பைட்டுகளாகப் படிக்கும் மோடில் திறந்து, சீக்(-1, 2) என்று கடைசிக்கு ஒரு பைட் முன்னால் போய், ரீட்(1) செய்யுங்கள். கிடைத்தது என்டர் இல்லையென்றால் மட்டும் முதலில் ஓர் என்டரைச் சேருங்கள். கோப்பு காலியாக இருந்தால் சீக் பிழை தரும், அதனால் அளவு 0 ஆக இருக்கிறதா என்பதை அதற்கும் முன்பே பாருங்கள். கோப்பை மனிதர்கள் யாரும் கையால் தொடுவதில்லை என்றால் இந்த வேலையெல்லாம் வேண்டாம்.

தமிழ் எழுதினால் என்கோடிங்கை விடக்கூடாது

ஓப்பனில் என்கோடிங் கொடுக்காவிட்டால் பைத்தான் அந்தக் கம்ப்யூட்டரின் இயல்பை எடுத்துக்கொள்ளும். மேக்கிலும் லினக்ஸிலும் அது பெரும்பாலும் யுடிஎஃப்-8, அதனால் பிரச்சினை தெரியாது. ஆங்கில அமைப்பில் ஓடும் விண்டோஸில் அது சிபி1252 என்ற பழைய மேற்கத்தியக் குறியீடு. அதில் தமிழ் எழுத்தே கிடையாது. 'பி பிளாக்' என்று எழுதப் போனால் 'சார்மேப்' என்ற சொல்லோடு யூனிகோட்என்கோட்எரர் வந்து நிற்கும். 'ஏ' மோடில் இருந்தால் பழைய வரிகளாவது பிழைத்திருக்கும். அதே பிழை 'டபிள்யூ' மோடில் வந்தால் கோப்பு ஏற்கெனவே காலியாகியிருக்கும், புதுவரியும் ஏறியிருக்காது. பைத்தான் 3.15 பதிப்பில் யுடிஎஃப்-8 எல்லா இடத்திலும் இயல்பாகிறது. ஆனாலும் அடுக்ககத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் எந்தப் பதிப்பு இருக்கும் என்று யார் கண்டது, எழுதிவிடுங்கள்.

எழுத்தும் பைட்டும் ஒன்றல்ல என்பதை நம் வரியை வைத்தே பார்க்கலாம். ஐடில் ஷெல்லில் (கட்டளையைத் தட்டியதும் பதில் காட்டும் சாளரத்தில்) ரைட் கட்டளையை நேரடியாகத் தட்டினால் அது 33 என்று பதில் சொல்லும், என்டரையும் சேர்த்து எழுதிய எழுத்துக் குறிகளின் எண்ணிக்கை அது. லினக்ஸில் அதே வரி டிஸ்க்கில் 49 பைட். எண், கால்புள்ளி, இடைவெளி ஒவ்வொன்றுக்கும் 1 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3. 'பிளாக்' என்பதில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு மேல்விலங்கு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி, ஆக ஆறு குறி, 18 பைட். விண்டோஸில் ஓர் என்டரை இரண்டு பைட்டாக எழுதுவதால் மொத்தம் 50 வரும். கோப்பின் அளவை எழுத்து எண்ணிக்கையால் வகுத்து வரி எத்தனை என்று கணக்குப் போட முடியாமல் போவது இதனால்தான்.

இன்னொரு வில்லங்கம், கோப்பு ஏற்கெனவே வேறு என்கோடிங்கில் இருப்பது. அப்பெண்ட் மோடு பழைய பகுதியைப் படித்துப் பார்க்காது. சொன்ன என்கோடிங்கில் கடைசியில் கொட்டிவிட்டுப் போய்விடும். விண்டோஸ் பவர்ஷெல் 5.1ல் இரட்டை அம்புக்குறி போட்டு உருவாக்கிய கோப்பு யுடிஎஃப்-16ல் இருக்கும். அதன் வாலில் பைத்தான் யுடிஎஃப்-8ல் சேர்த்தால் எந்த மென்பொருளில் திறந்தாலும் ஒரு பாதி குப்பையாகத்தான் தெரியும். புது நோட்பேடில் கோப்பைத் திறந்தால் கீழ் வலது மூலையில் என்கோடிங் பெயர் தெரியும். முதல் வரியைச் சேர்ப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸெலில் திறக்க வேண்டுமா

சங்கத்துப் பொருளாளர் எக்ஸெலில்தான் பார்ப்பார். அப்படியென்றால் சிஎஸ்வி (கால்புள்ளியால் நெடுவரிசை பிரித்த உரை) கோப்பாக எழுதுவது வசதி. பைத்தானோடு வரும் சிஎஸ்வி தொகுப்பு கால்புள்ளி, மேற்கோள் சிக்கல்களைப் பார்த்துக்கொள்ளும். குறிப்பில் யாராவது 'லேட், பாதி லோடு' என்று எழுதினாலும் நெடுவரிசை சிதறாது.

இம்போர்ட் சிஎஸ்வி
வித் ஓப்பன்('தண்ணி.சிஎஸ்வி', 'ஏ', என்கோடிங்='யுடிஎஃப்-8-சிக்', நியூலைன்='') ஆஸ் நோட்டு:
    எழுதி = சிஎஸ்வி.ரைட்டர்(நோட்டு)
    இஃப் நோட்டு.டெல்() == 0:
        எழுதி.ரைட்ரோ(['நேரம்', 'லிட்டர்', 'சம்ப்'])
    எழுதி.ரைட்ரோ([நேரம், லிட்டர், சம்ப்])

இதில் நேரம், லிட்டர், சம்ப் மூன்றும் மதிப்பு கொடுக்கப்பட்ட மாறிகளாக மேலே இருக்க வேண்டும்.

தலைப்பு வரி ஒரே ஒரு தடவைதான் வர வேண்டும். டெல் என்பது கோப்பில் இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லும். 'ஏ' மோடில் திறந்ததும் கடைசியில் நிற்போம். கடைசியே 0 என்றால் கோப்பு காலி, தலைப்பு எழுது என்று பொருள். 'டபிள்யூ'வில் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. அங்கே எப்போதுமே 0தான்.

நியூலைன் என்பதற்கு வெற்றுச் சரம் கொடுத்தது ஏன் என்றால், சிஎஸ்வி தொகுப்பு வரி முடிவைத் தானே எழுதும். அதன்மேல் விண்டோஸும் தன் பங்குக்கு மாற்றினால் எக்ஸெலில் ஒரு வரி விட்டு ஒரு வரி வெற்றாக வரும். அப்படி வந்தால் வேறெங்கும் தேடாதீர்கள், இதை மறந்திருப்பீர்கள்.

'சிக்' (சிக்னேச்சர் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்து) ஒட்டிய யுடிஎஃப்-8, கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் முத்திரை ஒன்றை வைக்கும். அது இருந்தால்தான் இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது எக்ஸெல் தமிழைத் தமிழாகக் காட்டும். ஒவ்வொரு தடவை சேர்க்கும்போதும் அந்த முத்திரை நடுவில் நடுவில் விழாதா என்று கேட்டால், விழாது. இடம் 0 ஆக இருந்தால் மட்டுமே பைத்தான் அதை எழுதும். திரும்பப் படிக்கும்போதும் இதே பெயரையே கொடுங்கள். வெறும் யுடிஎஃப்-8 என்று படித்தால் முதல் நெடுவரிசையின் பெயர் 'நேரம்' போலத் தெரிந்தாலும் முன்னால் ஒரு மறைகுறி ஒட்டியிருக்கும், அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது.

விண்டோஸில் பொருளாளர் அந்தக் கோப்பை எக்ஸெலில் திறந்து வைத்திருக்கும்போது நிரல் ஓடினால் பெர்மிஷன்எரர், எண் 13. நிரலில் தவறில்லை, எக்ஸெல் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. மூடச் சொல்லுங்கள், அல்லது பார்ப்பதற்கென்று ஒரு நகலை அனுப்பிவிடுங்கள். நகல் அனுப்புவதே நல்லது. எக்ஸெலில் திறந்து 'சேமி' கொடுத்தால் தேதி வடிவம் மாறிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

எழுதியது எப்போது டிஸ்க்குக்குப் போகும்

ரைட் ஓடி முடிந்ததும் வரி டிஸ்க்கில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பைத்தான் ஓரளவு சேரும்வரை நினைவகத்தில் வைத்திருந்து மொத்தமாகத்தான் தள்ளும். ஐடில் ஷெல்லில் 'வித்' இல்லாமல் கோப்பைத் திறந்து, ஒரு வரி எழுதி, மூடாமல் நோட்பேடில் பாருங்கள்: காலி. க்ளோஸ் கொடுத்த பிறகு பாருங்கள்: வரி வந்திருக்கும். 'அப்பெண்ட் வேலை செய்யவில்லை' என்ற புகார்களில் இது அடிக்கடி வரும்.

'வித்' போட்டு எழுதினால், அந்தத் தொகுதி முடிந்ததும் கோப்பு தானே மூடிக்கொள்ளும், நடுவில் பிழை வந்தாலும் மூடும். லாரி வரும்போது மட்டும் ஒரு வரி எழுதும் நிரலுக்கு இது போதும்: திற, எழுது, மூடு. நாள் முழுக்க ஓடிக்கொண்டே பத்து நொடிக்கு ஒரு தடவை சம்ப் நீர்மட்டத்தைப் பதியும் நிரல் என்றால் கதை வேறு. சாயந்திர மழையில் கரண்ட் போனால் நினைவகத்தில் இருந்ததெல்லாம் போய்விடும். அங்கே ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நோட்டு.ஃபிளஷ்() கொடுங்கள். ஃபிளஷ் பைத்தானின் கையிலிருந்து இயங்குதளத்தின் கைக்கு மாற்றும். இயங்குதளமும் சிறிது நேரம் வைத்திருக்கும். அதையும் டிஸ்க்கில் எழுத வைக்க ஓஎஸ்.எஃப்சிங்க்(நோட்டு.ஃபைல்நோ()) வேண்டும். இது நேரம் பிடிக்கும் வேலை. பத்து நொடிக்கு ஒன்று என்றால் தாராளமாகச் செய்யலாம், நொடிக்கு ஆயிரம் வரி என்றால் நிரல் திணறும்.

சுற்றுக்குள் (லூப்) எழுதும்போது ஓப்பனைச் சுற்றுக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தாலும் 'ஏ' மோடில் விடை சரியாகவே வரும், வேகம்தான் குறையும். உள்ளே வைத்து 'டபிள்யூ' போட்டால் கடைசி வரி மட்டும் மிஞ்சும்.

எழுதியதைப் படிக்கவும் திருத்தவும்

'ஏ' மோடில் திறந்த கோப்பைப் படிக்க முடியாது, ரீட் கொடுத்தால் பிழை. படிக்கவும் வேண்டுமென்றால் 'ஏ+'. அதிலும் திறந்தவுடன் ரீட் கொடுத்தால் வெற்றுச் சரம்தான் கிடைக்கும், ஏனென்றால் நிற்பது கடைசியில். சீக்(0) கொடுத்து மேலே போன பிறகு படியுங்கள். மேலே போன நிலையிலேயே ரைட் கொடுத்தால் என்ன ஆகும்? அப்போதும் கடைசியில்தான் சேரும். அப்பெண்ட் மோடில் எங்கே நின்றாலும் எழுத்து வாலுக்கே போகும். எங்கள் ஆலோசனை கேட்டால் 'ஏ+' பக்கமே போக வேண்டாம்: படிக்க ஒரு தடவை 'ஆர்', சேர்க்க ஒரு தடவை 'ஏ'. இரண்டு ஓப்பன் என்றாலும் குழப்பமில்லை.

நடுவில் ஒரு வரியைத் திருத்த அப்பெண்ட் மோடால் முடியாது. 'ஆர்+' மோடில் முடியும் போலத் தோன்றும். 'ஏ பிளாக்' வரியில் 9000 இருக்கும் இடத்துக்குப் போய் 12000 எழுதிப் பாருங்கள்:

முன்: 2025-06-03 18:15,9000,ஏ பிளாக்
பின்: 2025-06-03 18:15,12000ஏ பிளாக்

நான்கு இலக்கம் இருந்த இடத்தில் ஐந்து இலக்கம் உட்கார்ந்ததும் பக்கத்துக் கால்புள்ளி பலியானது. கோப்பில் எதுவும் நகர்ந்து இடம் கொடுக்காது. முறையாகத் திருத்த வேண்டுமென்றால் முழுக் கோப்பையும் படித்து, திருத்தி, வேறு பெயரில் எழுதி, கடைசியில் ஓஎஸ்.ரீப்ளேஸ் கொண்டு பழைய பெயருக்கு மாற்ற வேண்டும். கணக்குக் கோப்புக்கு அதைவிட நல்ல வழி கணக்குப்பிள்ளைகள் வழிதான்: தவறான வரியை அப்படியே விட்டு, கீழே 3000 லிட்டர் கூடுதல் என்று ஒரு திருத்த வரியைச் சேர்ப்பது. எப்போது மாற்றினார்கள் என்பதும் அதிலேயே நிற்கும்.

கோப்பு எங்கே போனது

பிழை எதுவும் வரவில்லை, ஆனால் ஃபோல்டரில் கோப்பைக் காணோம். வெறும் பெயர் கொடுத்தால் நிரல் அப்போது எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறதோ அங்கே எழுதும். ஐடிலில் எஃப்5 தட்டினால் அது நிரல் இருக்கும் ஃபோல்டர். விஎஸ் கோடில் ஓட்டினால் வழக்கமாக நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஃபோல்டர். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் வைத்து ஓட்டினால் நீங்கள் எதிர்பார்க்காத இடம். 'ஏ' மோடு இல்லாத கோப்பைச் சத்தமில்லாமல் உருவாக்கும் என்பதால், பழைய கோப்பு ஓரிடத்தில் கிடக்க, புதிதாக இன்னொன்று வேறிடத்தில் வளர்ந்துகொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் பிரிண்ட்(ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி()) போட்டுப் பாருங்கள். நிரந்தரத் தீர்வு முழுப் பாதையையும் கொடுப்பதுதான்.

விண்டோஸில் முழுப் பாதை கொடுக்கும்போது பின்சாய்கோடு கவனம். பின்சாய்கோட்டை அடுத்து என் எழுத்தில் தொடங்கும் ஃபோல்டர் பெயர் வந்தால் பைத்தான் அதை என்டர் என்று படித்துவிடும், டி எழுத்து வந்தால் டேப். முன்சாய்கோடு போட்டுவிடுங்கள், விண்டோஸும் ஏற்கும். கோப்பை உருவாக்கும் அப்பெண்ட் மோடு ஃபோல்டரை உருவாக்காது. பாதையில் ஏதாவது ஒரு ஃபோல்டர் இல்லையென்றால் ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்.

இரண்டு கேட், ஒரே நோட்டு

இரண்டு நிரல்கள் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் சேர்த்தால்? ஒரே லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் என்றால் ஒவ்வொரு தடவை எழுதுவதும் அந்தக் கணத்துக் கடைசியில் போய்ச் சேருவதை இயங்குதளம் பார்த்துக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. ஆனால் ஒரு வரியைப் பல துண்டாக எழுதினால், அடுத்தவருடைய துண்டு நடுவில் நுழையலாம். வரியை முழுதாகக் கோர்த்து ஒரே ரைட்டில் கொடுத்து, உடனே ஃபிளஷ் செய்யுங்கள். நெட்வொர்க் டிரைவில் இந்த உறுதியெல்லாம் கிடையாது. முன் கேட்டுக்கு ஒரு கோப்பு, பின் கேட்டுக்கு ஒரு கோப்பு என்று பிரித்து வைத்து மாதக் கடைசியில் சேர்ப்பதுதான் தலைவலி குறைந்த வழி. அதற்கும் மேல் ஆள் கூடினால் எஸ்க்யூலைட் போன்ற தரவுத்தளத்துக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எல்லாக் கோப்பிலும் சேர்க்க முடியாது

எக்ஸெலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம். அதன் வாலில் ஒரு வரியைச் சேர்த்தால் வரி உள்ளே தெரியாது, கோப்பு கெட்டுப்போகலாம். அதற்கு ஓப்பன்பைஎக்ஸெல் போன்ற தனித் தொகுப்பு வேண்டும். ஜேசன் கோப்பும் அப்படியே. மூடும் அடைப்புக்குறிக்குப் பிறகு இன்னொன்றைச் சேர்த்தால் படிக்கும் நிரல் 'கூடுதல் தரவு' என்று பிழை சொல்லும். வரிக்கு ஒரு ஜேசன் பொருள் என்று எழுதும் ஜேசன் லைன்ஸ் வடிவத்தில் தாராளமாகச் சேர்க்கலாம். நிரலின் நடவடிக்கைப் பதிவுக்கு மட்டும் என்றால் நீங்களே எழுத வேண்டாம். பைத்தானின் லாகிங் தொகுப்பு இயல்பாகவே அப்பெண்ட் மோடில்தான் கோப்பைத் திறக்கும்.

வேறு மொழியில் எழுதுபவர்களுக்குச் சுருக்கமாக. சி மொழியின் எஃப்ஓப்பனிலும் பிஎச்பியின் எஃப்ஓப்பனிலும் இதே 'ஏ' எழுத்துதான். பிஎச்பியில் ஃபைல்_புட்_கண்டென்ட்ஸ் பயன்படுத்தினால் அப்பெண்ட் கொடியைத் தனியாகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பழையது போய்விடும். ஜாவாவின் ஃபைல்ரைட்டரில் இரண்டாவது மதிப்பு ட்ரூ. கோ மொழியில் அப்பெண்ட் கொடி மட்டும் போதாது. உருவாக்கு, எழுது என்ற கொடிகளையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் எதுவும் நடக்காது. லினக்ஸ் ஷெல்லில் ஒற்றை அம்புக்குறி அழித்து எழுதும், இரட்டை அம்புக்குறி சேர்க்கும்.

கோப்பு வளர்ந்துகொண்டே போவதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். நாளுக்கு பத்து லாரி வந்தாலும் மாதத்துக்குச் சுமார் 15 கிலோபைட்தான். ஆனாலும் பில் மாதாமாதம் வருவதால் கோப்பையும் மாதத்துக்கு ஒன்றாக வைப்பது வசதி. நேரச் சரத்தின் முதல் 7 எழுத்துகளை எடுத்தால் 2025-06 என்று கிடைக்கும். அதைக் கோப்பின் பெயரோடு ஒட்டிவிடுங்கள். 1ஆம் தேதி முதல் லாரி வரும்போது அந்தப் பெயரில் கோப்பு இருக்காது, 'ஏ' மோடு புதிதாக உருவாக்கும், டெல் 0 காட்டும், தலைப்பு வரி தானே விழும்.